செலவில்லாத ஊழியர்

"மேடையில ஏறினதும் சிரிங்க. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும், ஆனா போட்டோ எடுத்தப்புறம் வரட்டும்" என்றாள் மனிதவள அதிகாரி. அவள் இந்த அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவனுடைய சட்டைக் காலரைக் கண்ணால் அளந்துவிட்டு, "பரவாயில்ல, தூரத்துல தெரியாது" என்று நகர்ந்தாள்.

அவன் தலையாட்டினான். காலையில் மனைவி சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்காவது வாயைத் திறந்து கேளுங்க. வேலை உறுதின்னு தெரிஞ்சாதானே தனியா வீடு பார்க்க முடியும்? வீட்டோட மாப்பிள்ளைன்னு எங்கப்பா உங்களை இன்னும் எத்தனை பேருக்கு அறிமுகப்படுத்தணும்?"

நிர்வாக இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பச்சைப் பதாகை: 'பாராட்டுவோம், நிலைத்திருப்போம்'.

"பாராட்டினா ஊழியர் நிலைப்பார். ஊழியர் நிலைச்சா கம்பெனி நிலைக்கும். கம்பெனி நிலைச்சா பூமியே நிலைக்கும்."

கடைசியில் சொன்னது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள்.

"இந்த வருஷத்தோட பசுமை ஊழியர் இவர்தான். ஒரு தாள் பிரிண்ட் எடுத்ததில்ல. கம்ப்யூட்டருக்குன்னு ஒரு யூனிட் கரண்ட் செலவழிச்சதில்ல. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சத்தையும் காத்தையும் ஓசியிலயே வாங்கிக்கிறார். ஒன்பது மணிக்கு வந்தா ஆறு மணிக்குத்தான் கிளம்புவார். லீவு கேட்டதில்ல. இன்கிரிமெண்ட்னு வாயே திறந்ததில்ல. நீங்களும் இருக்கீங்களே."

"நம்ம மானத்தை வாங்கறதுக்குன்னே வந்து சேர்ந்திருக்கான்" என்று முன்வரிசைக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதைக் கடித்தார்.

"நல்ல மனுஷன்ப்பா. போன வாரம்கூட என் மேஜையைத் தனியாளா நகர்த்திக் கொடுத்தார்."

கேடயம் அவன் கைக்கு வந்தது. மரத்தூளில் செய்ததாம், கனமே இல்லை. சொன்னபடி சிரித்தான். கேமரா மின்னியது.

இயக்குநர் அவன் தோளில் கைபோட்டார். "உங்களை மாதிரி நூறு பேர் கிடைச்சா போதும். ஏதாவது வேணுமா? கூச்சப்படாம கேளுங்க."

மைக் அவன் முகத்துக்கு நேரே வந்தது. கேட்டால் இருப்பதும் கைவிட்டுப் போகலாம். கேட்காவிட்டால் சாயங்காலம் மாமனார் முகத்தில் விழிக்க வேண்டும்.

"என் வேலை விஷயம்தான் சார்."

"நிரந்தரம் பண்ணணுமா? இன்னைக்கே பண்ணிடலாம். எந்தப் பிரிவு நீங்க?"

"அதை இன்னும் யாரும் சொல்லல சார்." கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். "பதினோரு மாசத்துக்கு முன்னாடி இண்டர்வியூக்கு வந்தேன். 'அங்க உட்காருங்க, கூப்பிடுறோம்'னாங்க. இன்னைக்குத்தான் சார் கூப்பிட்டிருக்கீங்க."