சவரியம்மாளின் கைகள்

"இந்தக் கையைப் பாருங்க."

அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தல். பாலக்கரைக் கூட்டத்தில் சவரியம்மாளின் கைகளைத் தூக்கிக் காட்டினார் வேட்பாளர் தனுஷ்கோடி. தோல் பட்டறையின் சுண்ணாம்புத் தொட்டியில் வெந்து வெடித்த கைகள். பெண்கள் அழுதார்கள்.

மறுநாளே முதலாளி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

பட்டினி தாங்காமல் ஒருநாள் தனுஷ்கோடியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயாதான் ஒரு வழி பண்ணணும்."

அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண் ஆறி, புதுத்தோல் வந்திருந்தது. அவர் முகம் வாடியது. உடனே முதலாளிக்குப் போன் போட்டார்.

"நம்ம சவரியம்மாவை நாளைக்கே சேத்துக்கங்க. அதே வேலையைக் குடுங்க."

அவள் கண்கலங்கிக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்ங்க."

"இருக்கட்டும்மா. அடுத்த மாசம் வையம்பட்டியில கூட்டம் இருக்கு. அதுக்குள்ள கை பழையபடி ஆயிடுமில்ல?"