கனடா மச்சாளின் டிராகன்

சமுத்திரராணி என்ற தன் வள்ளத்தை ஊர்காவற்றுறைக் கரையில் கட்டிவிட்டு வந்த மீனவர் பற்றிக், மிருகங்களை வளர்த்து மற்றவர்களோடு மாற்றும் கைப்பேசி விளையாட்டில் மூழ்கியிருந்த மகள் டிலக்சியைக் கண்டதும் ஏசத் தொடங்கினார்.

"மனிசர் விளையாடுற விளையாட்டே இது? சரி, விளையாடித் துலை. ஆனால் ஆரும் உன்ரை மிருகத்தை முதல் அனுப்பச் சொன்னால் அனுப்பிப்போடாதை. அவனை முதல் அனுப்பச் சொல்லு."

டிலக்சி தலையாட்டினாள். விடுமுறை முழுக்க அவள் வளர்த்தது ஒரு பறக்கும் குதிரை.

மறுநாள் பின்னேரம் விளையாட்டுக்குள் 'கனடா மச்சாள்' என்று ஒருத்தி வந்தாள்.

"என்ரை டிராகனுக்கு உம்மடை குதிரையை மாத்துவமோ? முதல் குதிரையை அனுப்பும்."

"ஏலாது. நீங்கள் முதல் அனுப்புங்கோ."

"பெருநாளுக்கு வரேக்கை சொக்கிலேற்றும் கொண்டு வாறன். என்னை நம்பேல்லையோ?"

"ஓம், நம்பேல்லை."

பிறகு டிராகன் வந்து சேர்ந்தது. ஏமாற்ற வந்தவள் ஏமாறட்டும் என்று டிலக்சி மச்சாளை அந்தக் கணமே தடைசெய்தாள். குதிரை டிலக்சியிடமே இருந்தது.

அதன் பிறகுதான் டிராகனின் கழுத்துப் பட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வளர்த்தவர் அதற்கு வைத்த பெயர் அதில் இருந்தது.

சமுத்திரராணி.

உள்ளறைக் கதவு திறந்தது. பற்றிக் தன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் செருகியபடி வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"என்னப்பா, முகம் செத்துப்போய்க் கிடக்கு?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

டிலக்சி மெல்ல அவரருகே போனாள்.

"அப்பா, சமுத்திரராணிக்கு என்ன தீன் போடுறனீங்கள்?"