வாலும் கடைசிப் பக்கமும்

அலமாரியில் இருந்த ஒரு படக்கதைப் புத்தகத்தின் பின்னால் ஒரு பல்லி ஒளிந்துகொண்டிருந்தது. கதவிடுக்கில் மாட்டி அதன் வால் அறுந்துபோயிருந்தது. அந்தக் கோலத்தோடு சுவருக்கு வர அதற்கு வெட்கம்.

புத்தகத்துக்குள் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒரு யானை.

"ஏன் அழறே?"

"குரங்கு என் மூக்கைப் பார்த்துச் சிரிச்சுட்டுக் காய் விட்டுடுச்சு."

"அப்புறம்?"

"தெரியாது. கடைசிப் பக்கம் கிழிஞ்சுபோச்சு."

பல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்புறம் என்னதான் ஆகியிருக்கும்?

மாலையில் அந்த வீட்டுச் சிறுமி பூவிழி அந்தப் புத்தகத்தை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். பல்லி வெட்கத்தை மறந்து, கதை கேட்கச் சுவரேறியது.

"அம்மா, அப்புறம் குரங்கு பழம் விட்டிருக்கும்ல?"

"குரங்கு எங்கேயாவது பழத்தை விடுமா?" என்று அம்மா சிரித்தாள்.

"விடும்!" என்றாள் பூவிழி.

"ச்சு ச்சு ச்சு" என்றது பல்லி.

அம்மா சட்டென்று விரலால் தரையைத் தட்டினாள். "பல்லியே சொல்லிடுச்சே! அப்போ நிஜம்தான்."

பூவிழி அண்ணாந்து பல்லியைப் பார்த்தாள். பிறகு ஒரு தாளில் கடைசிப் பக்கத்தை வரைந்து, புத்தகத்தில் ஒட்டினாள். அதில் குரங்கு யானையிடம் வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பல்லி.

"அது யாரு?" என்று யானை கேட்டது.

"நான்தான்!"

"எல்லாப் பல்லியும் ஒரே மாதிரிதானே இருக்கும்? நீதான்னு எப்படிச் சொல்றே?"

"நல்லாப் பாரு, வால் இல்லை!" என்றது பல்லி பெருமையாக.