போட்டுப் பார்த்து வாங்குவது

உப்பல் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிப் பலகைமேல் ஐந்து கார்டு ரீடர்கள் கிடக்கின்றன. சரத்துக்கு ஐந்துமே பிடித்துவிட்டன. கைக்கு அகப்பட்ட ஒன்றைத் தூக்கி, "இதுவே போதும்ப்பா, கிளம்பலாம்" என்கிறான். அப்பா வரதராஜன் பொதுத்துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அதிகாரி. குண்டு பல்பைக்கூட எரியவிட்டுப் பார்க்காமல் வாங்கியதில்லை. "கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டச் சொல்லுடா." "டெஸ்டிங் நக்கோ பாய், பேக் கரோ" என்று, போட்டுப் பார்க்காமலே கட்டிக் கொடுக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கெஞ்சுகிறான் சரத். அவன் உள்ளங்கை வியர்வையில் நனைகிற கேமரா கார்டில் இருப்பது போன வாரம் நடந்த அக்கா பிந்துவின் கல்யாணம். படம் எடுத்தவன் அவன்தான். ஆனால் கேமரா பெரும்பாலும் பிந்துவின் தோழி ஸ்மிதா பக்கமே திரும்பியிருந்தது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா கையை நீட்டுகிறார். கார்டு போகிறது. ரீடரில் பச்சை விளக்கு துடிக்க, மேசை ஃபேன் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்ப, திரையில் படங்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. மல்லிகைப்பூவோடு ஸ்மிதா, பாயசத்தோடு ஸ்மிதா, குனிந்து செருப்பைத் தேடும் ஸ்மிதா. "ஏக்தம் க்ளியர் சாப்" என்கிறார் கடைக்காரர் பெருமையாக. சரத் பலகையில் ஒட்டிய விலைச்சீட்டை நகத்தால் சுரண்டுகிறான். அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாற்பதாவது படம்வரை பொறுமையாகப் பார்க்கிறார்.

"ஏன்டா, மாப்பிள்ளை எங்க?"