யமினா வீட்டு மேகம்

சஹாரா பாலைவன ஊரான வர்க்லாவில், வானிலை நிலையத்தின் தூசித் துறைக்குத் தலைவர் டாக்டர் லக்தர். ஆனால் செயற்கைக்கோள் படத்தில் தினமும் ஒரு குட்டி மேகம் நின்றது அவருடைய உதவியாளர் யமினாவின் வீட்டுக்கு மேலே. அமைச்சரே அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். லக்தருக்கு வயிறு எரிந்தது.

தூசி கூடினால் மேகம் கலைந்துவிடும் என்று ஆய்வேடு எழுதித்தான் அவர் டாக்டர் ஆனார். வெள்ளிக்கிழமை, காற்று அவள் வீட்டுப் பக்கம் திரும்பியதும், தன் வீட்டு மொட்டைமாடியில் ஏறி எல்லாக் கம்பளங்களையும் தட்டித் தீர்த்தார்.

ஞாயிறு காலைப் படத்தில் மேகம் இரண்டு மடங்காகியிருந்தது. லக்தர் வீட்டு மாடியிலிருந்து மெல்லிய தூசிக்கோடு ஒன்று அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

“யாரோ இன்னும் ஊட்டிவிடுறாங்க, டாக்டர்!” என்று சிரித்தாள் யமினா.

லக்தர் நிலையத்திலிருந்தே தன் வீட்டுக்குப் போன் செய்தார். “மாடியில யாரு கம்பளம் தட்டுறது?”

“எங்க வீட்டுக்காரர்தான். வெள்ளிக்கிழமையிலேருந்து இறங்கவே மாட்டேங்குறாரு,” என்றாள் மனைவி. “நீங்க யாரு பேசுறது?”