அவள் பேரில் ஒரு லேப்டாப்

"இன்னொரு தடவை வைங்கக்கா" என்றான் லேப்டாப் கடை இர்பான்.

லேப்டாப்பின் ரேகைப் பொத்தானில் அவள் கட்டைவிரலை வைத்தாள். எடுக்கச் சொன்னது திரை. எடுத்தாள். மறுபடி வைக்கச் சொன்னது.

பாத்திரம் கழுவிக் கழுவி ரேகை மழுங்கியிருந்தது. ரேஷன் கடையிலும் இதே தொல்லைதான்.

லேப்டாப் மூடியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் காயவில்லை. நல்ல நேரம் பார்த்துத்தான் அண்ணன் பூபதி பெட்டியைப் பிரித்தான். அவர்கள் கரூர் கம்பெனியில் தறி வந்தாலும் லாரி வந்தாலும் அப்படித்தான்.

அவளே பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

கனமில்லாமல் வேண்டும் என்றாள். திரை பெரிதாக வேண்டும் என்றாள். கல்யாணத்துக்கு முன் துணி டிசைன் படித்தவள். அந்த சாப்ட்வேர் திணறாமல் ஓட மெமரி கூடுதலாக வேண்டும் என்றாள்.

"இந்த மாடல்ல அப்புறமா கூட்டிக்க முடியாதுக்கா. இப்பவே போட்டாத்தான்" என்று கடையில் இர்பான் சொன்னபோது பூபதி உடனே தலையாட்டினான்.

ஓரிடத்திலும் பேரம் பேசவில்லை. கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுகிறவன்.

அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்பா போகும் முன் கம்பெனியை இருவர் பேரிலும் எழுதி வைத்தார். இரண்டு கையெழுத்தும் விழாமல் ஒரு தறியைக்கூட விற்க முடியாது.

அவளுடைய டிஜிட்டல் கையெழுத்து ஒரு சின்ன பென்டிரைவில் இருந்தது. பென்டிரைவ் ஆடிட்டரின் மேசை டிராயரில் இருந்தது. பேருக்கு டைரக்டராக இருக்கிற வீட்டுப் பெண்கள் எல்லோருடைய கையெழுத்தும் அங்கேதான் கிடக்கும்.

கையெழுத்து விழ, ஓடிபி மட்டும் அவள் போனுக்கு வரும்.

பூபதி கூப்பிடுவான். "அம்மிணி, நம்பர் ஒண்ணு வந்திருக்கும், சொல்லு."

வெங்காயம் அரிந்துகொண்டே படித்துச் சொல்வாள். எதற்கு என்று கேட்டதில்லை. கூடப் பிறந்தவனிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள்.

போன மாதம் கேட்டாள்.

கம்பெனியை விற்கப்போவதாகச் சொன்னான். ஆள் பார்த்தாயிற்று, பேசியும் முடித்தாயிற்று.

அந்தத் தறிகளில் தன் டிசைன் ஒன்றாவது ஓட வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. அப்பாவுக்கு அது தெரியும்.

அவள் நம்பரைச் சொல்லவில்லை.

பூபதி கோபப்படவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பலகாரத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"நீயும் ஆபீசுக்கு வா கண்ணு. அப்பா ரூம்லயே உக்காரு. உனக்குப் பிடிச்சாப்பல ஒரு லேப்டாப் எடுத்துக்கலாம்."

அவன் போன பிறகு அழுதுவிட்டாள். விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டான் என்றே நினைத்தாள்.

இப்போது அப்பாவின் அறையில், அப்பாவின் நாற்காலியில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடின.

விரல் பதிவாகவில்லை.

"மத்ததெல்லாம் முடிஞ்சுது சார்" என்றான் இர்பான். "ஓடிபி இனிமே அக்கா போனுக்குப் போகாது. கம்பெனி மெயிலுக்கு மாத்தியாச்சு. இந்த லேப்டாப்லதான் வரும்."

அவளிடம் சொல்லவில்லை. பூபதியிடம் சொன்னான்.

காலையில் இர்பான் ஒரு நம்பர் கேட்டான். அவள்தான் போனைப் பார்த்துப் படித்தாள். லேப்டாப்புக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று நினைத்தாள்.

பூபதி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். தன் கட்டைவிரலை வைத்தான்.

இர்பான் தயங்கினான். "சார், இது அக்கா பேர்ல..."

"எல்லாம் ஒரே குடும்பந்தான் தம்பி."

அவன் விரல் தடங்கலில்லாமல் பதிந்தது.

இர்பான் லேப்டாப்பைப் பூட்டிச் சரிபார்க்கச் சொன்னான். அவள் விரலை வைத்தாள். திறக்கவில்லை. சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தாள். அப்போதும் இல்லை.

பூபதி வைத்தான்.

திறந்தது. அவள் பெயரைச் சொல்லி அவனை வரவேற்றது.



பூபதி சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான். அதில் அவள் பெயர் ஒட்டியிருந்தது. பெயருக்குக் கீழேயே அதன் ரகசிய எண்ணையும் ஆடிட்டர் ஆபீசில் எழுதி வைத்திருந்தார்கள். மறந்துவிடக் கூடாது என்று.

லேப்டாப்பின் ஓரத்தில் செருகினான்.

"உனக்குக் காப்பி சொல்லட்டுமா கண்ணு?" என்றபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இனி அவள் இல்லாமலே அவள் கையெழுத்து விழும், நாளைக்கு அவள் இங்கே வர வேண்டியதில்லை. கனமில்லாததையும் பெரிய திரையையும் யாருக்கோ தேடித் தேடி எடுத்திருக்கிறாள். எவ்வளவு பெரிய முட்டாள் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பென்டிரைவைப் பிடுங்கினாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டுங்ண்ணா."

பூபதி திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே உள்ளங்கையை நீட்டினான். சிறு வயதில் அவள் கையிலிருப்பதை வாங்கும்போதும் இப்படித்தான் நீட்டுவான். பிடுங்க மாட்டான். காத்திருப்பான். அவளே கொடுத்துவிடுவாள்.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

நீட்டிய கை அப்படியே இருந்தது.

"தம்பி" என்றான் இர்பானிடம். குரலை உயர்த்தவில்லை. "நீங்க கிளம்புங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க."

இர்பான் அவளைப் பார்த்தான்.

பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.