கோவிந்தராசுவின் கை

"மெதுவா பேசுடி, அப்பா தூங்குறாரு" என்றாள் தனம். போர்வைக்குள் தன் இடப்பக்கத்தில் கிடந்த கையை இழுத்து மார்மேல் வைத்துக்கொண்டாள்.

மகள் கலையரசி பேயறைந்தவள் போல நின்றாள். காலாப்பட்டிலிருந்து கடலுக்குப் போன கோவிந்தராசுவின் படகுதான் கரை ஒதுங்கியது, ஆள் கிடைக்கவில்லை. பொறுத்துப் பார்த்த ஊர், நாளைக்குக் கருமாதி என்று சொல்லிவிட்டது. அது முடிந்தால் தனத்தின் கழுத்தில் தாலி இருக்காது.

அந்தக் கவலையிலேயே போன வாரம் மீன் மார்க்கெட்டில் கூடையோடு சாய்ந்தவளைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கண் விழித்ததிலிருந்து அந்தக் கை பக்கத்திலேயே கிடக்கிறது. சில்லிட்ட கை. காய்ச்சுப்போன உள்ளங்கை, மீன் வாசம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்துவிட்டாரே என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

"மூஞ்சியத்தான் காட்ட மாட்டேங்குறாரு. மீனு கடிச்சிருக்கும்டி. வெக்கப்படுறாரு."

"யம்மா, பேசாம சாப்புடும்மா."

தனம் இட்லியைப் பிட்டுத் தின்று முடித்தாள். "என்னாடி, ஒண்ணுதான் வச்சியா?"

கலையரசி தட்டின் இடப்பக்கம் வலப்பக்கம் வரும்படி திருப்பி வைத்தாள். அங்கே இன்னொரு இட்லி இருந்தது.

"உன் தம்பிக்குப் போன் போடு. உசுரோட இருக்கிற மனுசனுக்குக் கருமாதி பண்றதான்னு கேளு."

கலையரசி தம்பி அஜித்தை அழைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் சுமலதா வந்தார். தனத்தைப் போல சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாதவர்களுக்கு ரத்தம் ஏன் உறைந்துபோய் மூளைக்குப் போகும் குழாயை அடைத்துப் பக்கவாதம் வருகிறது, வேலியே பயிரை மேய்ந்த கதையாக உடம்பின் காவலே உடம்பைத் தாக்குகிறதா என்று ஆராய்கிறவர்.

"டாக்டரம்மா, படிச்சவங்க நீங்க சொன்னா என் மவன் கேப்பான். இவரு இங்கதான் இருக்காருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் எதுக்கு தனம்மா? நீங்களே சொல்லுங்க. அதுக்கு முன்னாடி காதுல ஜில்லுனு தண்ணி விட்டு ஒரு சோதனை. தல சுத்தும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். அப்புறம் இடது பக்கம் தெளிவா தெரியும். செய்யட்டுமா?"

"செய்யுங்க. இவர மட்டும் எழுப்பிடாதீங்க."

இடது காதில் ஐஸ் தண்ணீர் இறங்கியது. கட்டில் படகு போல ஆடியது. குமட்டியது. தனம் பல்லைக் கடித்துக்கொண்டு, பிடித்த கையை விடாமல் கிடந்தாள்.

ஆட்டம் அடங்கியதும் டாக்டர் போர்வையை விலக்கினார். கலையரசி போனை அம்மாவின் வாயருகே கொண்டுவந்தாள்.

"யம்மா, எல்லாரும் காத்துனு இருக்காங்க. என்னாம்மா சொல்லட்டும்?" போனில் அஜித் கேட்டான்.

"சொல்லுங்க தனம்மா, இது யாரு கை?"

தனம் பார்த்தாள். விரலிலிருந்து மேலே மேலே தோள்வரை பார்த்துக்கொண்டு போனாள். பிறகு எதிர்ச் சுவரையே வெறித்தாள். கண்ணீர் காதுவரை வழிந்தது.

"அஜித்து... இது என் கைதான்டா."